நாலு போடு

ஷுவைக் துறைமுகத்தின் பின்பக்கம்
மைனஸ் பதினெட்டில் ஒரு கிடங்கு.
வெளியே நாற்பத்தாறு.
நடுவில் ரப்பர்ப் பட்டைகளின் திரை.

மூன்று வருடம்
அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்,
கணக்காளர் அறையின் ஓர நாற்காலியில் இருந்து
ஆராய்ந்தேன்:
'குளிர்க்கிடங்குகளில் அனுப்புப் பிழைகளும்
பணியாளர் ஈடுபாடும்.'

முப்பத்தாறு கேள்விகள்.
ஒன்று முதல் ஐந்து வரை கட்டங்கள்.
'என் மேலாளர் எனக்கு ஊக்கம் அளிக்கிறார்.'
'நிறுவனத்தின் நோக்கத்தை என் நோக்கமாக உணர்கிறேன்.'
இந்திக்கும் நேபாளிக்கும் ஆள் வைத்தேன்.
தமிழில் பெயர்த்தது நான்தான்.
பெயர்த்ததை ஒருமுறை
வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கலாம்.

நூற்று அறுபது தாள் திரும்பி வந்தன.
விடைகளுக்குள் அப்படி ஓர் ஒத்துமை.
நம்பகக் கெழு பூச்சியம் புள்ளி ஒன்பது மூன்று.
நெறியாளர் மின்னஞ்சலிலேயே கைதட்டினார்.
அன்று இரவு சால்மியாவில்
தனியாக ஒரு முழு பிரியாணி.
ஐந்தாம் அத்தியாயம் முழுக்க
பகல் ஷிப்டின் ஊக்கத்துக்கும்
இரவு ஷிப்டின் ஊக்கத்துக்கும் உள்ள வேறுபாடு,
மூன்று நட்சத்திரம் போட்ட அட்டவணையோடு.

பட்டம் வந்தபின்
கெட்டி அட்டை போட்ட பிரதி ஒன்றைக் கொடுக்கப் போனேன்.
வாங்கிக்கொண்டவர் நேசமணி,
கருங்கல் பக்கத்து ஆள்,
பதினோரு வருடமாகத் திரையைத் தாண்டுகிறவர்.
கையுறையோடு பக்கம் புரட்ட வரவில்லை.
கழற்றினார். அட்டவணையைப் பார்த்தார்.
'பகல் ஆளுங்கள ஃபோர்மேன் நாலு போடச் சொன்னாரு, மேடம்.
ராத்திரி ஆளுங்கள மூணு.
எல்லாம் ஒண்ணுபோல இருந்தா
உங்களுக்குச் சந்தேகம் வருமாம்.'

என் மூன்று நட்சத்திரங்களும்
அங்கேயே உதிர்ந்தன.

அவர் அதோடு விட்டுவிட்டார்.
கேட்டது வேறு:
'இதுல கண்ணாடி எங்க இருக்கு?'

எந்தக் கண்ணாடி?

கனத்த ஜாக்கெட் ஒன்றைத் தந்தார்.
உள்ளே இருபது நிமிடம்.
மூக்குமுடி ஊசியாகக் குத்தியது.
திரை விலக்கி வெளியே வந்தேன்,
தென்கிழக்கிலிருந்து ஈரக்காற்று.
என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.
கையிலிருந்த ஸ்கேனர் திரையும் வெள்ளை.
துடைத்தேன். மறுபடி வெள்ளை.
எதிரே மூன்று லாரிகள் உறுமுவது கேட்டது,
எது சால்மியாவுக்கு, எது ஜஹ்ராவுக்கு?
'முப்பது செகண்டுல ஏத்தணும்' என்றது
எங்கிருந்தோ அவர் குரல்.
'நாங்க குத்துமதிப்பா ஏத்துவோம்.'

ஆகஸ்டும் செப்டம்பரும்.
பருவ இரைச்சல் என்று சொல்லி
கணக்கிலிருந்து நான் கழித்துவிட்ட மாதங்கள்.

பிறகு ஒன்பது இரவுகள்
மீன் அட்டைப்பெட்டியின் பின்புறத்தில்
கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணினேன்.
பார்வை திரும்பத் தொண்ணூறு விநாடி.
எழுதியது அரைப் பக்கம்:
கடிகாரம் தொண்ணூறு விநாடி கழித்து ஓடட்டும்,
லாரிக்கு மேல் ஆளுயர எண் தொங்கட்டும்.

ஆய்விதழ் திருப்பி அனுப்பியது:
'கோட்பாட்டுக்கு இதன் பங்களிப்பு என்ன?'
நியாயமான கேள்விதான்.
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாளர் ஹம்தி அரைப் பக்கத்தை நின்றபடியே படித்தார்.
மூன்று கதவில் ஒரு கதவுக்கு ஒப்புக்கொண்டார்,
இரண்டாம் கதவு.
ஒரு மாதம் பார்ப்போம் என்றார்.

நேற்று நேசமணியின் குரல்செய்தி.
இரண்டாம் கதவில் போன வாரம் ஒரு லாரியும் தவறவில்லை.
அதனால் அவசரச் சரக்கெல்லாம்
இப்போது அங்கேதான் வருகிறதாம்,
ஆள் மட்டும் கூட்டவில்லையாம்.
'இதையும் எண்ணுவீங்களா?'

கடைசியில், கேட்காமலே ஒரு தகவல்:
என் புத்தகம் மூன்றாம் கதவருகே
ஸ்கேனர் சார்ஜருக்கு அடியில் இருக்கிறது.
முன்னே ஒயர் எட்டாது,
இப்போது எட்டுகிறது.